நல்ல தண்ணி

என் தம்பி என்னை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும், "எங்கக்கா, மெட்ராசுல கொசு டாக்டரு" என்றுதான் சொல்வான். நான் டாக்டர் இல்லை. விலங்கியல் படித்துவிட்டு அரசாங்கத்தின் பொதுசுகாதாரத் துறையில், பூச்சியியல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவள். அதை எத்தனை தடவை சொல்லியும் அவன் காதில் ஏறவில்லை. ஒரு தடவை உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவன் இப்படிச் சொல்லப்போக, பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "கொசுவுக்கும் சீக்கு வருதாம்மா?" என்று ரொம்ப அக்கறையாகக் கேட்டார். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்கு எதற்கெடுத்தாலும் கோபம் முதலில் வரும், மற்றதெல்லாம் அப்புறம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீளக் காம்பு வைத்த கரண்டியோடு சாக்கடை சாக்கடையாக அலைந்தேன். மாட்டுக்கொட்டகைச் சுவரில் டார்ச் அடித்துக் கொசு பிடித்தேன். பொம்பளைப் பிள்ளைக்கு இது ஒரு வேலையா என்று எங்கள் தெருவில் கேட்டார்கள். பிறகு பரீட்சைகள், பதவி உயர்வு, ஆய்வுக்கூடம், வெளிநாட்டுப் பயிற்சி எல்லாம் வந்தன. கடைசியில் மாநிலம் முழுவதற்குமான கொசுத் தடுப்புப் பிரிவுக்கே தலைமை என்றானது. பதவி ஏற ஏறச் சாக்கடை தூரமாகிக்கொண்டே போனது. கூட்டம், கோப்பு, மறுபடியும் கூட்டம். ஆனாலும் ஒரு தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால், நெளிகிற புழு எந்தக் கொசுவாகப் போகிறது என்று கண்ணாடி போடாமலே சொல்லிவிடுவேன். அந்தப் பெருமை எனக்கு உண்டு, மறைப்பானேன்.

எங்கள் ஊர் உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருக்கிறது. சுற்றி திராட்சைப் பந்தல். தம்பிக்கும் ஒரு பந்தல் உண்டு. ஊரில் தண்ணீர் ரெண்டு வகை. பெரியாற்றுத் தண்ணீர் குழாயில் வரும், அதுவும் நினைத்தபோது வரும். அதற்குப் பெயர் நல்ல தண்ணி. குடிக்க, சோறாக்க மட்டும். போர்வெல்லில் மோட்டார் போட்டு எடுப்பது உப்புத் தண்ணி. குளிக்க, துவைக்க, மாட்டுக்குக் காட்ட. அதற்கென்று எல்லா வீட்டுப் பின்பக்கமும் ஒரு சிமெண்டுத் தொட்டி உண்டு. உப்பு என்று பெயர்தானே தவிர, கடல் தண்ணியா என்ன? கண்ணாடி மாதிரிதான் இருக்கும். ஆனால் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் எங்கள் ஊரில் அதை யாரும் நல்ல தண்ணி என்று சொல்ல மாட்டார்கள். நல்ல தண்ணிக் குடத்தில் உப்புத் தண்ணிச் செம்பை விட்டதற்காகச் சின்ன வயதில் நான் முதுகில் வாங்கியிருக்கிறேன்.

டெங்கு கொசு சாக்கடையில் வளராது, தெளிந்த தண்ணீரில்தான் வளரும் என்று மக்களுக்குச் சொல்ல வேண்டும். மேலேயிருந்து ஆங்கிலத்தில் வந்த வாசகத்தை எங்கள் விளம்பரப் பிரிவு தமிழாக்கியது. 'டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் வளரும். நல்ல தண்ணீரை மூடி வைப்பீர்.' கூட்டத்தில் அதைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். நான் கையைத் தூக்கினேன்.

"சார், இந்த நல்ல தண்ணீரை எடுத்துடணும்" என்றேன்.

கூட்டத்தை நடத்திய அதிகாரி ரொம்ப மரியாதையானவர். "சுத்தமான தண்ணியில வளரும்னுதானே மேடம் சொல்றோம்? நீங்க கொடுத்த விஷயம்தானே?"

"விஷயம் சரி சார். வார்த்தைதான் தப்பு. எங்க பக்கம் நல்ல தண்ணின்னா குடிக்கிற தண்ணி. ஜனங்க குடத்தை மட்டும் மூடிட்டு, பின்னால தொட்டியைத் திறந்து போட்டுடுவாங்க."

"அது உங்க ஊர் வழக்கு மேடம். மாநிலம் முழுக்கப் போற விளம்பரம் இது."

வடை வந்தது. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. நான் விடவில்லை. 'திறந்து கிடக்கிற எந்தத் தண்ணீரிலும்' என்று மாற்றச் சொல்லி எழுதினேன். அச்சுக்குப் போய்விட்டது, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அடுத்த தடவை, போன தடவையின் அச்சையே எடுத்து அடித்தார்கள். நேரில் போய்க் கத்தினேன். உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். கொசு என் பிரிவு, வாசகம் அவர்கள் பிரிவு. என் அறைக் கதவில் பித்தளையில் பெயர்ப் பலகை, வாசலில் டவாலிச் சேவகர், வெளியே அரசாங்கக் கார். ஒரு வார்த்தையை நகர்த்த முடியவில்லை.

அந்த வாசகம் எங்கள் ஊருக்கும் போய்ச் சேர்ந்தது. தம்பி வீட்டுத் தெருமுனையில் சுவர் முழுக்க நீல எழுத்தில் எழுதினார்கள். நான் ஊருக்குப் போனபோது தம்பி என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினான்.

"பாத்தியாக்கா, ஒன் போர்டு. ஊருல எல்லாம் குடத்துக்குத் துணி கட்டிட்டாக. நம்ம வீட்டுல எம் பொண்டாட்டி ரெட்டைத் துணி போட்டுக் கட்டி வச்சிருக்கா."

"ஏலே, அது தப்பா எழுதியிருக்குடா. குடத்துல எங்க வளருது? அது ரெண்டு நாள்ல காலி. பின்னால தொட்டியைத்தான் மூடணும். வாரத்துக்கு ஒருக்கா கழுவி ஊத்தணும்."

"அது உப்புத் தண்ணில்லக்கா. அதுல எங்கன வரும்? நல்ல தண்ணினு கொட்டை எழுத்துல போட்டிருக்காகல்ல."

"நான் சொல்றேன்ல."

"நீ சொல்லித்தான அங்கன எழுதியிருக்காக!" என்று சிரித்தான். "அரசாங்கம் சும்மாவா எழுதும்? போக்கா."

என்னையே சாட்சி வைத்து என் பேச்சைத் தள்ளினான். நான் திட்டத் திட்ட, அக்கா தன்னடக்கமாகப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். சரி சரி, கழுவுகிறேன் என்று பேச்சை முடித்தான். கழுவியிருக்க மாட்டான். மோட்டாருக்குக் கரண்டு வருகிற நேரத்தில் தொட்டியை நிரப்புவதே பெரும்பாடு. நிறைந்த தொட்டியைக் கவிழ்த்து ஊற்று என்றால் யாருக்குத்தான் மனசு வரும்? அது எனக்கும் தெரியும்.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் போன் செய்தான். வேறெதற்கோ பேசிவிட்டு, போகிற போக்கில்தான் காய்ச்சலைச் சொன்னான். சில நாளாக நல்ல காய்ச்சலாம், கண்ணுக்குப் பின்னால் வலியாம், ஊசி போட்டுக்கொண்டானாம். "இப்ப விட்ருச்சுக்கா. ஒடம்பு ஜில்லுனு இருக்கு. நாளைக்கிக் கொடி கவாத்து வெட்ட ஆள் வருது, பந்தலுக்குப் போகணும்."

டெங்குவில் பயப்பட வேண்டியது காய்ச்சல் அடிக்கிறபோது இல்லை, விடுகிறபோதுதான். அப்போதுதான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும். உடம்பு ஜில்லென்று ஆகும். வீட்டில் எல்லாரும் அப்பாடா என்று இருப்பார்கள்.

"வயிறு வலிக்குதாடா?"

"லேசா. ஊசி போட்டதுல்ல, அதான்."

போனில் அலறினேன். பந்தலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், உடனே தேனிக்குப் போய் ஆஸ்பத்திரியில் சேர் என்றேன். "காய்ச்சல் விட்டப்பெறகு எவனாவது ஆஸ்பத்திரிக்குப் போவானாக்கா?" என்று கேட்டான். அவன் பெண்டாட்டியைக் கூப்பிடச் சொல்லி, அவளிடம் கெஞ்சினேன். அவள் பயந்த சுபாவம். அழுது அடம்பிடித்து அவனைக் கிளப்பிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டாள்.

மறுநாள் மதுரைவரை விமானத்தில் வந்து, காரில் தேனிக்குப் போய் இறங்கினேன். தம்பி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும், "எதுக்குக்கா இப்படி ஓடி வந்த? கொசுவெல்லாம் ஒன்னைத் தேடுமே" என்றான். கையைப் பிடித்துப் பார்த்தேன். ஈரத் துணி மாதிரி இருந்தது. நாடி விரலுக்குக் கிடைக்கவே இல்லை.

"நல்ல தண்ணி கொண்டாரச் சொல்லுக்கா, நம்ம வீட்டுது. இங்கன குடுக்குறது சப்புனு இருக்கு" என்றான்.

பார்த்துக்கொண்ட டாக்டர் சின்ன வயசுக்காரர். பயிற்சியில் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாராம். எழுந்து நின்று பேசினார். என்ன ஏற்றுகிறார்கள், எவ்வளவு ஏற்றுகிறார்கள் என்று ஒளிக்காமல் சொன்னார். எல்லாம் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தார்கள். எங்காவது ஒரு தப்பு இருந்திருந்தால் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருப்பேன், எனக்குத் தெரிந்தது அதுதான். கொசு எந்த நேரத்தில் கடிக்கும், எத்தனை தூரம் பறக்கும் என்று கேட்டால் மணிக்கணக்கில் பேசுவேன். கடித்த பிறகு என்ன செய்வது என்று கேட்டால் அந்தச் சின்ன டாக்டரின் முகத்தைத்தான் நானும் பார்க்க வேண்டும்.

வராந்தாவில் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். பெரியப்பா மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "நீங்க மெட்ராசுக்கு ஒரு போன் போட்டா ஒசந்த மருந்தா அனுப்ப மாட்டாகளா?" என்றான். இதற்கென்று அப்படி ஒரு மருந்தே கிடையாது, நீர் ஏற்றிவிட்டுக் காத்திருப்பதுதான் வைத்தியம் என்றேன். அவன் நம்பவில்லை. இவ்வளவு பெரிய உத்தியோகத்தில் இருந்துகொண்டு கூடப்பிறந்தவனுக்கு ஒரு போன் போட யோசிக்கிறாள் என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது. அவன் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை.

தம்பி பெண்டாட்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மதினி, நான் ஒரு கொறையும் வைக்கல. போர்டுல போட்டிருந்தாகளே, அதே மாதிரி நல்ல தண்ணி அம்புட்டையும் மூடித்தான் வச்சிருந்தேன். ஒங்க தம்பியும் தெனமும் ஒருக்கா வந்து துணியைத் தொட்டுப் பாப்பாக."

நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தெருமுழுக்க மருந்து ஊற்ற ஆள் அனுப்பச் சொல்லி அங்கே இருக்கிற அதிகாரிக்குப் போன் செய்தேன். போனார்கள். தம்பி வீடு பூட்டிக் கிடந்தது என்று சொன்னார்கள். அதற்குள் அவனைத் தீவிர சிகிச்சைக்கு மாற்றிவிட்டார்கள். அதன் பிறகு என் புத்தியில் வேறெதுவும் நிற்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே இருந்தேன். வருகிறவர், போகிறவர் எல்லாரும் எனக்கு வணக்கம் வைத்தார்கள்.

மறுநாள் மத்தியானம் அவன் போய்விட்டான்.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். செய்ய வேண்டியதெல்லாம் செய்து, ஆம்பிளைகள் தூக்கிக்கொண்டு போனதும் பெண்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. சாவு விழுந்த வீட்டில் அதுவரை பிடித்து வைத்த தண்ணீர் ஒரு சொட்டும் இருக்கக் கூடாது. நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்ற பாகுபாடு அங்கே கிடையாது. ரெட்டைத் துணியை அவிழ்த்துக் குடங்களைக் கவிழ்த்தார்கள். அண்டா, வாளி, மாட்டுக்கு வைத்த சட்டிவரை கொட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரி பின்பக்கம் போய், தொட்டி ஓட்டையை அடைத்திருந்த துணியைப் பிடுங்கினாள்.

தண்ணீர் என் காலைத் தொட்டுக்கொண்டு ஓடியது. சிமெண்டுத் தரையில் புழுக்கள் நெளிந்தன. எந்தக் கொசுவின் புழு என்று பார்க்க நான் குனிய வேண்டியிருக்கவில்லை. ஒருத்தி விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டு போனாள், இன்னொருத்தி தொட்டியின் உள்பக்கத்தைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாள். கழுவி ஊற்றுங்கள், தேய்த்துக் கழுவுங்கள் என்று இந்த மாநிலத்தில் நான் கெஞ்சாத ஊர் இல்லை. எந்த ஊரிலும் இவ்வளவு சுத்தமாகச் செய்து பார்த்ததில்லை. எனக்கு ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினேன். தம்பிக்காக அழுகிறேன் என்று நினைத்துப் பெண்கள் வந்து கட்டிக்கொண்டார்கள். தம்பிக்காகவும்தான்.

காரியம் முடியும்வரை அங்கேயே இருந்தேன். தகரக் கடைக்காரரை வரவழைத்துத் தொட்டிக்கு மூடி செய்யச் சொன்னேன். எதற்கு என்று தம்பி பெண்டாட்டி கேட்டதற்கு, அணில் வந்து விழுகிறது என்றேன். தலையாட்டிக்கொண்டாள்.

நான் கிளம்புகிற அன்று குழாயில் தண்ணீர் வந்தது. அவள் குடத்தைப் பிடித்து உள்ளே கொண்டுவந்து வைத்தாள். துணியைக் கட்டப் போனவள் கட்டாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் மதினி, எல்லாத்தையும் மூடித்தான வச்சிருந்தேன். பெறகு எங்கன இருந்து வந்துச்சு?"

பின்வாசல் திறந்திருந்தது. தினமும் அவன் குளித்த, தினமும் அவள் கையால் மொண்டு புழங்கிய தொட்டி அங்கிருந்தே தெரிந்தது.

"தெரியலம்மா" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க மதினி. ஒங்களுக்கே பிடிபடாதது எங்களுக்கு எங்கன பிடிபடப் போகுது" என்று என்னைத் தேற்றினாள்.