வழிவிட்ட பேக்

என் தம்பி வீரையன் ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டுக்கோட்டை ஃபுட்பால் டோர்னமெண்டில் சிறந்த பேக் (கோல் முன்னால் நின்று தடுப்பவன்) என்று கொடுத்த வெள்ளிக் கோப்பை. மன்னார்குடி ரைஸ்மில்லில் நிரந்தர வேலை. மாவட்ட அணியில் ஏழு வருஷம் இடம். எங்கள் தெருவில் பிறந்த ஒருவன் டவுன் டீமின் சட்டையைப் போட்டுக்கொண்டு கடைத்தெரு நடுவில் நடந்து வந்தது. கடைசியில் சொன்னதையும் கோப்பையோடு சேர்த்துத்தான் எண்ணவேண்டும். இதற்கெல்லாம் முன்னால் அவனுக்கு பூட்ஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, நிற்கிற மண்கூட எங்களுடையது இல்லை. ஆனாலும் ஜெயித்தான். முதல் ஜெயம் எப்படி வந்தது என்று கேட்டால் மட்டும் அவனுக்குச் சொல்லத் தெரியாது. பக்கத்தில் இருந்து பார்த்த அக்கா எனக்கும் அது முழுதாக விளங்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் அப்பா கண்ணுசாமி பண்ணையாள். நில உச்சவரம்புச் சட்டம் வந்து, பண்ணை நிலமெல்லாம் பண்ணையாரின் சித்தப்பா பேரிலும் சின்னம்மா பேரிலும் பிரிந்துகொண்டிருந்த நேரம் அது. யார் சாகுபடி என்று விசாரிக்க தாசில்தார் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். எல்லாம் ஒரே பண்ணையின் சாகுபடிதான் என்று அப்பா உள்ளதைச் சொல்லிவிட்டார். நடவு ஆரம்பித்தபோது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் வேலை சொல்லி அனுப்பவில்லை. விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் போய்ப் பேசினார்கள். பண்ணை அசையவில்லை. அதனால் வீரையன் மன்னார்குடி ரைஸ்மில்லில் மூட்டை தூக்கப் போனான். நானும் அதே மில்லில் அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிக் காயவைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன்.

மில்லுக்குப் பின்னால்தான் டவுன் டீம் பந்து விளையாடும் மைதானம். மில்காரர்தான் டீமுக்குச் செலவு செய்தார். டீமில் இடம் பிடித்தவனுக்கு மில்லில் வேலை நிரந்தரம் என்பது அவர் வைத்திருந்த வழக்கம். பல வருஷமாக கோல் முன்னால் இரண்டு பேர் பேக் ஆடினார்கள், ஜெக்கரியாவும் மீரா உசேனும். இரண்டு பேருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. அந்த வருஷம் ஜெக்கரியா பினாங்கில் மச்சான் கடைக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். மீரா உசேனுக்குக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை. முட்டியில் தைலம் பூசித் துணி சுற்றிக்கொண்டுதான் மைதானத்துக்கு வருவார். டீமைப் பார்த்துக்கொண்ட வேம்பு சார் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். இளசுகளில் பேக் தேடித் தேடி அலுத்துப்போயிருந்தார். எல்லாப் பையன்களுக்கும் கோல் அடிக்கத்தான் ஆசை. பின்னால் நின்று தடுக்க ஒருவனும் வரவில்லை.

ஒரு நாள் பயிற்சிக்கு ஆள் குறைந்ததென்று மூட்டை தூக்கிக்கொண்டிருந்த வீரையனைக் கூப்பிட்டு நிறுத்தினார். அவன் எங்கள் ஊரில் அறுத்த வயலில் ஆடிப் பழகியவன். தாள் குத்தும் வயலில் பந்து நேராக வராது. கட்டியில் பட்டு எந்தப் பக்கமும் திரும்பும். அதனால் பந்தை நம்பமாட்டான், வருகிறவனின் இடுப்பைத்தான் பார்ப்பான். மைதானத்தில் அன்றைக்கு அவனைத் தாண்டி ஒருவரும் போகமுடியவில்லை. மீரா உசேன் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு, "யாருப்பா இது, மில்லு கதவக் கழட்டி மைதானத்துல வச்சது?" என்று கேட்டாராம். சொல்லிவிட்டு அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. அவருக்கும் தன் இடம் போகிறது என்று தெரிந்திருக்கும்.

சித்திரைக் கடைசியில் மன்னார்குடி டோர்னமெண்ட் ஆரம்பித்தது. ஜெக்கரியாவின் இடத்தில் நடுவில் ஆடும் ஒருவரைப் பின்னால் இழுத்து நிறுத்தியிருந்தார்கள்; முட்டி வலித்த மீரா உசேனின் இடத்தில் முதல் மேட்சில் வீரையன் வெறுங்காலோடு ஆடினான். எதிர் டீமால் ஒரு கோல்கூட போடமுடியவில்லை. அடுத்த மேட்ச் பாபநாசம் டீமோடு. நான் நெல் கிளறிக்கொண்டே மில் சுவருக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாபநாசம் டீமில் முன்னால் ஆடியவன் சௌந்தரராஜன். எங்கள் ஊர்ப் பண்ணை வீட்டுப் பேரன். திருச்சியில் காலேஜ் படித்துக்கொண்டு, பாபநாசத்தில் தாய்மாமன் வீட்டில் தங்கி ஆடுகிறான் என்று பிறகுதான் தெரிந்தது. பந்தை உருட்டிக்கொண்டு கோடு ஓரமாக வந்தான். வீரையன் நேராக எதிரே நின்றான். சௌந்தரராஜன் பக்கத்தில் வந்ததும் வீரையன் ஓரடி விலகினான். வழுக்கவில்லை, தடுமாறவில்லை. அமைதியாக விலகி, கொஞ்சம் தலையைக் குனிந்து நின்றான். சௌந்தரராஜன் அவனைத் தாண்டிப் போய் கோல் அடித்தான்.

சிலர் சிரித்தார்கள். வெயிலில் மயக்கம் போலிருக்கிறது என்றார்கள். பாதி நேரத்துக்குப் பிறகு மறுபடியும் அதே மாதிரி நடந்தது, அதே விலகல், அதே கோல். இப்போது யாரும் சிரிக்கவில்லை. வேம்பு சார் அவனை வெளியே எடுத்துவிட்டு மீரா உசேனை இறக்கினார். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டே ஆடி, மேலே கோல் விழாமல் காத்தார். நம்மவர்களும் இரண்டு அடித்தார்கள். மேட்ச் சமமாக முடிந்தது. மறுநாள் திரும்ப ஆடவேண்டும் என்று அறிவித்தார்கள். மீரா உசேனின் முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. அவரால் ஆடமுடியாது.

மேட்ச் முடிந்ததும், மில் களத்தில் நின்ற எங்களிடம் சௌந்தரராஜனே வந்தான். அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"நீ கண்ணுசாமி மவன்தானே? எனக்காக விட்டியா?"

"இல்லீங்க ஆண்டே."

"பின்ன ஏன் விட்ட? நீ விட்டுக்குடுத்து நான் கோல் போடணுமா?"

வீரையன் காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். அவனுக்குக் கோபம் வந்தால் எனக்குத் தெரியும். அன்றைக்கு வந்தது கோபம் இல்லை. கேட்ட கேள்வியே புரியாதவன் மாதிரி நின்றான்.

மில் ஆட்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பண்ணை ஏதோ கொடுத்து வாங்கிவிட்டது என்றார் ஒருவர். அப்பாவை மறுபடி வேலைக்கு எடுப்பதாகப் பேசி முடித்துவிட்டார்கள் என்றார் இன்னொருவர். சங்கத்துக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து, சங்கக் கொடியை விட்டுவிட்டாயா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பாவுக்குப் பந்தும் தெரியாது, கோலும் தெரியாது. கொடியைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று திகைத்துப்போனார். வேம்பு சார் மட்டும் நேராகச் சொல்லி அனுப்பினார். வேறு ஆள் இல்லாததால் நாளைக்கு அவன்தான் ஆடவேண்டும். நாளைக்கும் இப்படி என்றால் மைதானத்திலும் மில்லிலும் அவனுக்கு இடமில்லை.

அப்படி ஆனால் பண்ணை வாசலில் போய்த்தான் நிற்கவேண்டும் என்று அப்பா சொன்னார். சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். நான் வீரையனைக் கேட்டேன்.

"தெரியலக்கா. பந்து வருது, அவரு வர்றாரு, எல்லாம் தெரியுது. காலு தானா எறங்கிடுச்சு."

"எங்கடா எறங்குச்சு? அது என்ன மேடா பள்ளமா?"

"அதான் எனக்கும் வெளங்கல."

காலையில் இரண்டு பேரும் மன்னார்குடிக்கு நடந்தோம். கோடை. ஆற்றில் தண்ணீர் விடவில்லை. வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது, எதில் வேண்டுமானாலும் நடக்கலாம். ஆனாலும் பழக்கத்தில் வரப்பு மேலேயே போனோம். எதிரே பண்ணைக் காரியஸ்தர் குடையோடு வந்தார். அவர் எங்களைத் தாண்டிப் போன பிறகுதான் பார்த்தேன், நான் வயலுக்குள் கட்டி மேல் நிற்கிறேன். வீரையனும் எனக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்து நிற்கிறான். எப்போது இறங்கினோம் என்று எனக்கு நினைவில்லை. இறங்கச் சொல்லி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

"டேய், நேத்து நீ செஞ்சது இதான்டா," என்றேன்.

அவன் தன் காலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு வரப்பில் ஏறி நடந்தான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி நின்றான்.

"அது வரப்புக்கா. அங்க ஏது வரப்பு?"

காரணம் தெரிந்துவிட்டது என்று எனக்கு ஒரு நிம்மதி. அதைக் கேட்டு அவன் இன்னும் குழம்பிவிட்டான். காரணம் தெரிந்தால் மட்டும் கால் கேட்குமா என்று மில் வரும்வரை அவன் முனகிக்கொண்டே வந்தான். சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று எனக்கும் தோன்றிவிட்டது.

சாயங்காலம் மைதானத்தைச் சுற்றிக் கூட்டம். தேர்தல் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. சுவரில் எழுதியிருந்த சின்னங்கள்கூட அழியவில்லை. கட்சிக்காரர்களும் சங்கத்துக்காரர்களும் வந்திருந்தார்கள். பாதிப்பேர் வீரையன் மறுபடி விலகுகிறானா என்று பார்க்கத்தான் வந்தார்கள். மீரா உசேன் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

சௌந்தரராஜன் முதலில் இரண்டு தரம் வேறு பக்கமாகப் போனான். வேண்டுமென்றே வீரையனைத் தவிர்க்கிறான் என்று தோன்றியது. நம்மவர்கள் ஒரு கோல் போட்டார்கள். அதற்குப் பிறகு அவனால் சும்மா இருக்கமுடியவில்லை. பந்தோடு நேராக வீரையனிடம் வந்தான். "நில்லுடா," என்று அவனே கத்தினான். எனக்கு நன்றாகக் கேட்டது.

வீரையன் நிற்கவில்லை. நேற்று மாதிரியே ஓரடி விலகினான், தலையைக் குனிந்தான். மில் சுவருக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்த என் கையிலிருந்து நெல் கிளறும் வாரி கீழே விழுந்தது. சௌந்தரராஜன் அவனைத் தாண்டி ஓடினான். கூட்டம் ஓவென்றது. ஆனால் ஓடியவன் காலடியில் பந்து இல்லை. வீரையன் விலகும்போது அவன் பின்னங்கால் பந்தையும் இழுத்துக்கொண்டு விலகியிருந்தது. ஆள் கோலுக்குப் போனான், பந்து வீரையனோடு நின்றுவிட்டது. சௌந்தரராஜன் இல்லாத பந்தை உதைக்கப்போய்த் திரும்பிப் பார்த்தான். வீரையனும் தன் காலடியில் பந்து இருப்பதை அப்போதுதான் பார்த்தான் போலிருந்தது. யாரோ கத்தின பிறகுதான் தூர உதைத்தான்.

அதன் பிறகு மூன்று தரம் அப்படியே நடந்தது. ஒவ்வொரு தரமும் விலகினான், ஒவ்வொரு தரமும் பந்தோடு விலகினான். ஒரு கோலில் ஜெயித்தோம்.

வேம்பு சார் அவனைத் தனியாக நிறுத்தி, இது யோசித்துச் செய்ததா என்று கேட்டார். இல்லை என்றான். மறந்து செய்ததா என்றார். அதற்கும் இல்லை என்றான். மீரா உசேன் சிரித்தார்.

"மரியாதையும் குடுக்குறான், பந்தையும் புடுங்கிக்கிறான். இத எந்தக் கணக்குல வக்கிறது வேம்பு சார்?"

சங்கத்துக்காரர் வழிவிட்டதைத்தான் பார்த்தேன் என்றார். கட்சிக்காரர் பந்தைப் பிடுங்கியதைத்தான் பார்த்தேன் என்றார். சௌந்தரராஜன் போகும்போது வீரையன் தோளில் தட்டிவிட்டுப் போனான். வீட்டில் அப்பா, வேலை இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன்.

மறுநாள் மில் ஆபீஸில் டீம் ஆட்களின் பெயரை மாவட்ட ஃபுட்பால் சங்கத்துக்கு எழுதி அனுப்பினார்கள். இரண்டு பேக்கில் ஒருவராக மீரா உசேன் பெயர் முன்னமே எழுதியிருந்தது. அவர் பேனாவை வாங்கித் தன் பெயரை அடித்தார். பிறகு, "ஒன் பேரு எழுத எடம் வேணும்ல," என்று பேனாவை வீரையனிடம் நீட்டினார். குமாஸ்தா கைநாட்டுக்கு மை டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். வீரையன் கட்டைவிரலைக் கொடுக்கவில்லை. களத்தில் காய்ந்த நெல்லின் மேல் அவன் பெயரை நான் விரலால் எழுதிக் காட்டுவேன். அவனும் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டுக் கலைத்துவிடுவான். காகிதத்தில் எழுதியதே இல்லை. அப்பா பேரின் முதலெழுத்து முன்னால் வருமா பின்னால் வருமா என்று என்னைக் கேட்டான். எனக்கும் அந்த நேரத்தில் குழப்பமாகிவிட்டது. முன்னால் என்றேன். ஒவ்வொரு எழுத்தாக, க. வீரையன் என்று எழுதினான். குமாஸ்தா அதன் கீழே தேதி போட்டார்: 17 மே 1971, திங்கட்கிழமை.