மீதி மூணு

எண்ணூர் பஸ்ஸில் என் பக்கத்தில் காலி மீன்கூடையோடு ஒரு கர்ப்பிணி உட்கார்ந்திருந்தார். மடியிலிருந்த மகளின் முகவாயைத் தன் பக்கம் திருப்பிய பிறகுதான் அவளிடம் எதையும் பேசினார். என் மரபணுப் புத்தகத்தின் படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர் திடீரென்று கேட்டார்.

“டாக்டருக்குப் படிக்கிறியா நைனா? இதுக்குக் காது கேக்காது. நான் மாமனைக் கட்டிக்கினதாலதான்றாங்கோ. மெய்யா?”

நான் உற்சாகமாகக் கொட்டினேன். “தலைமுறை தலைமுறையா மரபணுவைக் காப்பி எடுக்கும்போது பிழை விழும்க்கா. அப்படிப்பட்ட பிழைங்களாலதான் மீன் வம்சத்துலேர்ந்து நாமளே வந்தோம்.”

“நான் விக்கிற மீனா? அடப்பாவி!”

“உங்க குடும்பத்துப் பிழை ஒண்ணு உங்ககிட்டயும் அவர்கிட்டயும் ஒளிஞ்சிருக்கலாம். அப்படின்னா நாலு குழந்தையில ஒண்ணுக்கு வரும்.”

அவர் விரல்விட்டு எண்ணினார். “ஒண்ணு இதுக்கு வந்துட்ச்சு. அப்ப மீதி மூணுக்கும் வராது!” வயிற்றைத் தடவிச் சிரித்தார். “இத்தினி மாசமா தூக்கமே இல்ல நைனா.”

ஒவ்வொரு பிள்ளைக்கும் சீட்டைப் புதிதாகத்தான் குலுக்குவார்கள், போன சீட்டு கணக்கில் வராது என்று நான் சொல்வதற்குள் இறங்கிவிட்டார்.

கண்டெய்னர் லாரிகளின் நெரிசலில் பஸ் அங்கேயே வெகுநேரம் நின்றது. ஜன்னலுக்கு வெளியே அவர் மெதுவாகத்தான் நடந்துகொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை.

அன்று வயிற்றிலிருந்த பிள்ளைக்கு இப்போது பள்ளிக்கூடம் போகும் வயது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்குமா?