மூலையில் கட்டிய தினைக்கொத்து

கொல்லிமலைக்கு வந்தபோது என் மகன் கைக்குழந்தை. புளியஞ்சோலையிலிருந்து மேலே ஒற்றையடிப் பாதைதான். ஆட்கள் சாமான்களைத் தலையில் சுமந்து முன்னால் போக, அவனைச் சேலையால் முதுகில் கட்டிக்கொண்டு, வழியெல்லாம் கணவரைத் திட்டிக்கொண்டே ஏறினேன். அவருக்கு மிஷன் மருந்துச்சாலையில் கம்பவுண்டர் வேலை. குண்டனி நாடு என்ற மலை ஊர்த்தொகுதியில் ஒரு சிற்றூரில் எங்களுக்கு வீடு கொடுத்திருந்தார்கள். முன்னறையில் மருந்து, பின்னறையில் குடும்பம். சுற்றுவட்டாரத்தில் கிறிஸ்தவக் குடும்பம் நாங்கள் ஒன்றுதான்.

மலை எனக்குச் சீக்கிரமே பிடித்துப் போனது. ஆனால் பிள்ளை பேசத் தொடங்கியதும் கவலையும் தொடங்கியது. நான் வளர்ந்த ஊரில் கோயில் மணி இருந்தது, ஞாயிறு பள்ளி இருந்தது, கூடப் பாட நாலு பிள்ளைகள் இருந்தார்கள். இங்கே எல்லாம் நான் ஒருத்திதான். சாப்பிடுமுன் சொல்ல ஒரு ஜெபம் சொல்லிக் கொடுத்தேன். கிளிப்பிள்ளை போல ஒப்பிப்பான். கண்ணை மூடியிருக்கும்போதே கை தட்டுக்குப் போய்விடும். மனசிலிருந்து ஒரு வார்த்தை இவன் எப்போது சொல்லுவான் என்று ஏங்குவேன்.

அவனுக்குத் துணை பக்கத்து வீட்டுப் பையன். இருவருக்கும் ஒரே வயது. ஊரில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் பெரியவர்கள், இவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. அந்தப் பையனின் அம்மா என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். நான் அக்கா என்பேன், என் மகன் பெரியம்மா என்பான். அவள் இவனை "சாமி" என்றுதான் கூப்பிடுவாள். முதலில் எனக்குச் சுருக்கென்றது. பிறகு கவனித்தால், மலையில் எல்லா வீட்டுப் பிள்ளையும் சாமிதான். கன்றுக்குட்டியைக்கூட அவள் அப்படித்தான் கொஞ்சினாள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். முதலில் விளைந்தது எதுவானாலும் ஆண்டவருக்கு. கொல்லையில் காய்த்த முதல் பூசணியை ஜெப மேசையில் வேதாகமத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். பொரியல் கேட்டு என் மகன் ஒரு பாடு அழுதான். "முதல் காய் சாமிக்கு, கண்ணு. அடுத்தது உனக்கு" என்று பொறுமையாகச் சொன்னேன். பொறுமை எனக்கு எப்போதாவதுதான் வரும். அது வந்த அன்று சொன்னதை அவன் இப்படிப் பிடித்துக்கொள்வான் என்று எதிர்பார்க்கவில்லை.

தினை முற்றும் காலம் வந்தது. பக்கத்து வீட்டுத் தினைக்காட்டில் பையன்கள் இருவரும் தகரத்தைத் தட்டிக் கிளி ஓட்டுவார்கள். ஒருநாள் உச்சிவேளையில் உள்ளே வந்து பார்க்கிறேன், ஜெப மேசையில் ஒரு பிடித் தினைக்கதிர். நடுவில் புல்லால் முடிச்சுப் போட்டிருந்தது.

அந்த முடிச்சு எனக்குத் தெரியும். காட்டின் ஒரு மூலையில் முந்தி முற்றும் கதிர்களை ஒரு கொத்தாகச் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அது அவர்கள் சாமிக்கு. ஊரார் சேர்ந்து படைக்கும் நாளில் வீட்டுப் பெரியவர்தான் அதை அறுக்க வேண்டும். படைக்கும்வரை அந்த வீட்டில் யாரும் புதுத் தினையை வாயில் வைக்க மாட்டார்கள்.

"யாருடா அறுத்தது?"

"நாங்கதான். சாமிக்குன்னுதான் கட்டி வெச்சிருந்துச்சு. சாமி மேசை நம்ம ஊட்டுல தானே இருக்குது?" என்றான் என் மகன். பக்கத்து வீட்டுப் பையனும் ஆமாம் என்று தலையாட்டினான். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு பெருமை.

அடிக்க ஓங்கிய கையை இறக்கிக்கொண்டேன். எதற்கென்று அடிப்பது? சொல்லிக் கொடுத்தவளே நான்தான். நான் போய்ப் பேசட்டுமா என்று கேட்டார் என் கணவர். நீங்கள் பேசினால் இன்னும் கெடும் என்று சொல்லிவிட்டு, கொத்தையும் மகனையும் கையில் பிடித்துக்கொண்டு நானே போனேன்.

அக்காவின் மாமனார் கொத்தைத் தொடவில்லை. "உங்க சாமி முன்னால வெச்சாச்சுங்களா?" என்று கேட்டார்.

"வெச்சுட்டானுங்க. தெரியாம பண்ணிட்டான்."

"அப்ப அது இங்க ஆகாதுங்க. நீங்களே வெச்சுக்குங்க."

வேறொரு மூலை முற்றும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டும். ஊரே படைத்துப் புதுத் தினை சாப்பிடும்போது அந்த ஒரு வீட்டில் மட்டும் மரவள்ளிக்கிழங்கு. அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் மகனை இழுத்து உள்ளே தள்ளி, "இனி அந்தப் பக்கம் போனீன்னா காலை ஒடிச்சுப்புடுவேன்" என்றாள். அது எனக்கும் சேர்த்துச் சொன்னதுதான்.

அடுத்து வந்த நாட்கள் கஷ்டமாக இருந்தன. என் மகன் வேலியோரம் உட்கார்ந்து அந்த வீட்டு வாசலையே பார்ப்பான். உள்ளே வா என்றால், "இதோ வாரேன்" என்பான், வரமாட்டான். ஊர் படைத்து முடித்ததும், மருந்து வாங்கிப் போனவர் ஒருவர் கொஞ்சம் புதுத் தினை கொண்டுவந்து கொடுத்தார். சோறாக்கி வைத்தேன். இவன் தட்டைத் தள்ளிவிட்டான்.

"எனக்கு வேண்டாம். அவன் இன்னும் சாப்பிடலே."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இதுவென்ன, அவர்கள் சாமிக்கு என் பிள்ளை விரதம் இருப்பதா? "அந்தச் சாமிக்குப் பயந்துகிட்டா?" என்று அதட்டினேன்.

"சாமிக்கு இல்லே. அவனுக்கு" என்றான்.

என் கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் தட்டையும் தள்ளிவைத்தார். அன்றைக்கும் அதற்குப் பிறகும் எங்கள் வீட்டிலும் கிழங்குதான். தினம் கிழங்கு வேகிற வாசனை இரண்டு வீட்டிலிருந்தும் வந்தது. அக்காவும் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

கடைசியில் அவர்கள் காட்டில் வேறொரு மூலை முற்றியது. அவர்கள் படைத்த அன்று நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே துணி தைத்துக்கொண்டிருந்தேன். படைத்ததை எல்லா வீட்டுக்கும் கொடுப்பார்கள். எங்களுக்குக் கொடுக்க மாட்டார்கள்; கொடுத்தாலும் நாங்கள் வாங்க மாட்டோம். வந்த முதல் வருஷமே வேண்டாம் என்று சொல்லி அவள் மனசை நோக வைத்திருந்தேன். இப்போது எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பது?

கதவு தட்டும் சத்தம் கேட்டது. அக்கா நின்றாள், கையில் வாழை இலையில் மடித்த தினைமாவு. தேன் வாசம் தூக்கியது. பின்னால் அவள் மகன்.

நான் தயங்குவதைப் பார்த்து, அவளே குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ஏனுங்கம்மா, படைச்சதை நீங்க வாயில வெக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா? படைக்கறதுக்கு முந்தியே உங்களுக்குன்னு ஒரு பங்கைத் தனியா எடுத்து ஒளிச்சு வெச்சுட்டேனுங்க. மாமனாருக்குத் தெரிஞ்சா வைவாரு. இவனுக்காக இந்தச் சின்னச் சாமி இங்க கிழங்கையே தின்னுக்கிட்டு இருந்தா எனக்கு மட்டும் எறங்குமா?"

நான் அழுதுவிட்டேன். அவள் பதறிப்போய், "அட, எதுக்குங்க?" என்று என் தோளைத் தட்டினாள்.

பையன்கள் அதற்குள் தரையில் உட்கார்ந்து இலையைப் பிரித்துவிட்டார்கள். வாயில் போடப் போன என் மகன் என்னைப் பார்த்தான், கையைக் கீழே வைத்தான், கண்ணை மூடினான். வழக்கமான ஜெபத்தை ஒப்பிக்கப் போகிறான் என்று நினைத்தேன்.

"ஆண்டவரே, பெரியம்மாவ அவங்க மாமனாரு வையாம பாத்துக்கங்க" என்றான்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதை நான் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆமென் என்றேன்.