விற்றுவிட்ட வெள்ளைக் கார்

கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டுக்காரர் அவர். நரைத்த மீசை, தொளதொள சட்டை. வேகத்தடை வந்தால் டிரைவருக்கு முன்பே இவர் கால் தரையில் பிரேக் போடும். தன் வெள்ளைக் காரை விற்று ஒரு வருஷமாகியும் கால் அதை நம்பவில்லை.

ஒருநாள் சதுரங்கப்பட்டினம் முனையில் அதே வெள்ளைக் கார் கிளம்பாமல் நின்றது. வாங்கியவர் வேர்த்துக்கொண்டிருந்தார். இவர் பஸ்ஸை நிறுத்தி இறங்கினார். பானெட்டைத் திறந்து, அந்த ஆள் பார்க்காதபடி முதுகால் மறைத்துக்கொண்டு ஏதோ செய்தார். கார் உறுமியது.

“இன்னா சார் பண்ணீங்க?”

“ஒண்ணும் இல்லப்பா. உங்கூட இன்னும் பழகல அது.”

சீட்டுக்குத் திரும்பியவரிடம், “அவருக்குச் சொல்லிக் குடுக்கலாமே சார்” என்றேன்.

“சொல்லிட்டா, அப்புறம் வண்டியத் தொட வுடுவானா?”

பஸ் கிளம்பியது. முன்னால் போன கார் வளைவில் மறையும்வரை அவர் இல்லாத பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.