ஃபில்டருக்குக் கட்டிய பட்டு

எங்கள் பழைய டூ ஸ்ட்ரோக் பைக் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. யாரோ போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு, வண்டியோடு வந்த ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றி, கூம்பு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஃபில்டரை வாங்கி மாட்டினேன். சத்தம் கம்பீரமாக இருந்தது. அந்தக் கம்பீரம் வாலாஜாபாத் சாலையில், மனைவி பின்னால் உட்கார்ந்திருந்தபோது நடுவழியில் நின்றுபோனது.

"எப்ப நிக்கும்னே தெரியாத வண்டியில இனிமே நான் ஏற மாட்டேன். தனியாவே ஓட்டிக்கினு போங்க," என்றாள். மழைக்காலம் முழுக்க ஏறவில்லை. கோயிலுக்கு நடந்தாள், கடைக்கு ஆட்டோவில் போனாள். பின்சீட் காலியாக ஓட்டுவது எனக்குப் பிடிக்கவேயில்லை.

கார்புரேட்டரில் இறங்கினேன். புது ஃபில்டர் காற்றை அள்ளி உள்ளே விடுகிறது, பெட்ரோல் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. பிளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. பெட்ரோல் கூடுதலாக இறங்கப் பெரிய ஜெட்டாகப் போட்டேன். ஸ்க்ரூவைத் திருகித் திருகிக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இதற்கிடையே இன்னொரு தொல்லை. எங்கள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. காற்றில் பறக்கும் நூல் பிசிறெல்லாம் ஃபில்டரில் வந்து அப்பியது. இங்கே எதை மூடவும் சட்டென்று கைக்கு வருவது பட்டுத் துண்டுதான். மனைவி தன் தறியிலிருந்து வெட்டிப் போட்ட துண்டு ஒன்றை ஃபில்டர்மேல் இழுத்துக் கட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். ஒருவழியாகப் பிளக், காற்றும் பெட்ரோலும் சரியாகக் கலந்தால் வரும் காபிப்பொடி நிறத்துக்கு வந்தது. ஏனாத்தூர் வரை ஓட்டிப் பார்த்தேன், ஒரு இருமல் இல்லை.

கெஞ்சிக் கூத்தாடி, திருமுக்கூடல் போய்வர அவளிடம் சம்மதம் வாங்கினேன்.

"இதான் கடைசி. நின்னுச்சோ, அப்புறம் என்னக் கூப்புடவே கூடாது."

கிளம்பும் காலையில் வண்டியைக் கழுவித் துடைத்தேன். அழுக்கேறிய துணி கண்ணை உறுத்தியது, அவிழ்த்துப் போட்டுவிட்டேன். அந்தத் துணி மறித்த காற்றைக் கணக்கில் வைத்துத்தான் இவ்வளவு டியூனிங்கும் செய்திருந்தேன் என்பது என் மண்டையில் ஏறவில்லை. வாலாஜாபாத்தைத் தாண்டியதும் வண்டி இருமியது, விக்கியது, நின்றேவிட்டது.

அவமானத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. காஞ்சிபுரம் பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது. அவளாவது வீடு போய்ச் சேரட்டும் என்று சாலைக்கு ஓடிக் கையைக் காட்டினேன்.

"அதுல கட்டியிருந்த பட்டு எங்க?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

"அழுக்கா இருந்துச்சுன்னு கழட்டிட்டேன்மா."

தறியில் உட்கார்ந்தபடியே அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். வண்டியருகே குந்தி, உள்ளங்கையால் ஃபில்டரைப் பாதி பொத்தினாள். "வந்து உதைங்க," என்றாள். ஓடிவந்து உதைத்தேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. கையை எடுத்தால் இருமியது, வைத்தால் சீராக ஓடியது. அதற்குள் பஸ் வந்து நின்றுவிட்டது.

"ஏறுறீங்களா இல்லியாமா?" என்று கத்தினார் கண்டக்டர்.

அவள் கையை எடுக்கவில்லை.

"நீங்க போங்கண்ணா, எங்களுக்கு வண்டி இருக்குது."