பாலத்துக்கு அந்தப் பக்கம் பார்க்காதவர்

மத்தியானம் கணவருக்குச் சூப்பு சுடவைத்துக் கொடுத்துவிட்டு லோர்னா ஹூக்ஸ்ட்ரா வேலைக்குத் திரும்புகிறார். தெருமுனையில் இடப்பக்கம் திரும்பினால் பாலம் உடனே வந்துவிடும். அவர் வலப்பக்கம் திரும்பி, தானியக் கிடங்குகளைச் சுற்றி, ரயில் தண்டவாளத்தில் காத்துக் கிடந்து, ஊரின் மறுகோடி வழியாகப் பாலத்துக்கு வருகிறார். தெருவில் பனி உறைந்து வண்டிகள் வழுக்குகிற ஜனவரியிலும் இதே வழிதான். இடப்பக்கச் சாலையில் அவருடைய கம்பெனியின் முற்றம் இருக்கிறது. கம்பி வேலிக்குள் முப்பது பேர் குனிந்து நின்று, சரக்கு அடுக்குகிற, உடைந்துபோன மரத்தட்டுகளில் ஆணி பிடுங்குவது சாலையிலிருந்தே தெரியும். அதை லோர்னா பார்த்துவிடக் கூடாது.

முற்றம் இருப்பது சூ சிட்டியில், அயோவா மாநிலத்தில். லோர்னாவின் அலுவலகம் மிசூரி ஆற்றுக்கு அக்கரையில், நெப்ராஸ்கா மாநிலத்தில், ஒரு தகர ஷெட்டில். அதன் மறுபாதியில் நான் டயர் மாற்றுகிறேன். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பும் எப்போதும் திறந்தே கிடக்கும் கதவும்தான்.

விடியும் நேரத்தில் கம்பெனி வேன் ஆட்களை அயோவாவிலிருந்து பாலம் தாண்டி இங்கே கொண்டுவந்து இறக்கும். வரிசையாக நின்று, வந்த நேரம் பதிவாக, கடிகாரத்தில் அட்டை குத்துவார்கள். பிறகு ஆளுக்கொரு துடைப்பம். காலியான ஷெட்டைக் கால் மணி நேரம் பெருக்குவார்கள். பெருக்கி முடித்ததும் அதே வேன் அவர்களை அயோவாவுக்கே திருப்பிக் கொண்டுபோகும். சாயங்காலம் மறுபடி பாலம், மறுபடி அட்டை. “இந்தத் தரையில சோத்தைக் கொட்டித் தின்னலாம்” என்பான் அவர்களில் ஒருவனான தொமாஸ். “நெப்ராஸ்காவிலேயே ரொம்பச் சுத்தமான ஒண்ணுமில்லாத இடம்.”

இந்தக் கூத்துக்குக் காரணம் வரி. வேலையிழந்தவருக்குக் கொடுக்கும் உதவித்தொகைக்காக, ஒவ்வொரு ஆளின் சம்பளத்தின் மீதும் முதலாளி மாநிலத்துக்கு வரி கட்ட வேண்டும். அயோவாவில் சம்பளத்தின் பெரும் பகுதிக்கு அந்த வரி உண்டு. நெப்ராஸ்காவில் முதல் சிறு பகுதியோடு முடிந்துவிடும். போதாததற்கு, வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர்கள் உதவி கேட்கக் கேட்க முதலாளியின் வரி விகிதமும் ஏறும். ஆகவே எங்கள் ஊர் முதலாளி ஆட்களை ஆணி பிடுங்க அயோவாவிலும், கணக்குக்கு நெப்ராஸ்காவிலும் வைத்திருக்கிறார். பெருக்குவதும் வேலை, அட்டை குத்தும் இடமே அவர்களின் தலைமை இடம். யாராவது கேட்டால் இதுதான் பதில். மிச்சமாகிற பணம் முதலாளிக்கு. இழப்பு யாருக்கு என்பது வேலை போகிறவரைக்கும் யாருக்கும் தெரியாது. அயோவாவில் உதவித்தொகை பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்து ஏறும். நெப்ராஸ்கா பிள்ளைகளை எண்ணுவதில்லை.

அந்த அட்டைகளுக்குக் கணக்கு எழுதுகிற லோர்னாவுக்கு அறுபத்தொரு வயது. சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, அதன் பையில் எப்போதும் இருமல் மிட்டாய். வெள்ளிக்கிழமைகளில் ஓட்ஸும் சாக்லேட்டும் சேர்த்துச் சுட்ட பலகாரத்தைத் தட்டோடு கொண்டுவந்து வைப்பார். கடைசித் துண்டை யார் எடுப்பது என்று ஆளாளுக்கு மரியாதை பார்க்க, அது திங்கட்கிழமை வரை காய்ந்து கிடக்கும். எல்லாரும் அவருக்குக் ‘கண்ணு’தான். நானும் அப்படியே. கணவர் டேல் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் குழாய்க்குப் பணம் கட்டுவது கம்பெனியின் மருத்துவக் காப்பீடு. இதை லோர்னா சொல்லிக் காட்டுவதில்லை. முதலாளிதான் அவ்வப்போது, “டேல் எப்படி இருக்காப்ல?” என்று விசாரிப்பார்.

பொய் சொன்னதே இல்லை என்பது லோர்னாவின் பெருமை. ஞாயிறுதோறும் தேவாலயத்தில் முன்வரிசை. “வாய்ல வர்றது நெசமா இருக்கணும், ரஸ். மத்ததை அவர் பாத்துக்குவாரு” என்று என்னிடம் சொல்லிக் கூரையைக் காட்டுவார். அந்தக் கூரைக்கு மேலே இருப்பவர் வாக்குமூலத்தில் எழுத்துப்பிழை பார்க்கிற குமாஸ்தாவாக இருந்தால் லோர்னாவுக்குச் சொர்க்கம் நிச்சயம். மரத்தட்டு முற்றத்தை அவர் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காததைப் பார்த்ததாக யாரும் அவரைச் சொல்ல வைக்க முடியாது. உண்மையைச் சொல்லும் உரிமைக்காக ஒரு மனுஷி தினமும் ஊரைச் சுற்றிவருவதை நான் வேறெங்கும் கண்டதில்லை. முதலாளி அவருக்குப் பொய் சொல்லச் சம்பளம் தரவில்லை. தெரியாமல் இருப்பதற்குத் தருகிறார்.

இவ்வளவுக்கும் அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. சாயங்காலம் அட்டை குத்த வரும் ஆட்களின் உள்ளங்கையில் சிராய் ஏறியிருக்கும். லோர்னா மூக்குக் கண்ணாடியை இறக்கி, விளக்கை இழுத்து, ஊசியை ஸ்பிரிட்டில் தோய்த்து, ஒவ்வொரு கையாகப் பிடித்து எடுப்பார். “ஆடாத கண்ணு, ஆடாத.” என் கடையில் டயர் மாற்ற வருகிறவர்கள் அதைப் பார்த்து, எவ்வளவு நல்ல பெண்மணி என்பார்கள். நானும் ஆமாம் என்பேன். அது பொய் இல்லை.

போன குளிர்காலத்தில் வேலை குறைந்து ஆட்களை நிறுத்தினார்கள். முதலில் போனவன் கெமெச்சு. எத்தியோப்பியாவிலிருந்து வந்தவன், ஒரோமோக்காரன். சூ சிட்டியில் வாடகை வீடு, நான்கு பிள்ளைகள். அயோவாவில் உதவித்தொகை கேட்டான். உன் பேரில் இங்கே சம்பளமே பதிவாகவில்லை, ஆற்றைத் தாண்டிப் போய்க் கேள் என்றார்கள். அக்கரையில் கிடைக்கக்கூடிய தொகை வாடகைக்கே பற்றாது. அவன் மேல்முறையீடு செய்தான். அங்கே விசாரணை தொலைபேசியில்தான் நடக்கும். அவன் அவன் வீட்டில், அதிகாரி அவர் அலுவலகத்தில், கம்பெனி சார்பில் லோர்னா எங்கள் ஷெட்டில். சாட்சி சொல்லட்டுமா என்று நான் கெமெச்சுவிடம் முன்பே கேட்டிருந்தேன். அவன் யோசித்துப் பார்த்து வேண்டாம் என்றான். நான் கண்டதெல்லாம் அவன் பெருக்குவதை மட்டும்தான். அது கம்பெனிக்குத்தான் உதவும்.

லோர்னாவுக்கு ஒரு காது மந்தம். ஒலிபெருக்கியைப் போட்டுத்தான் பேசுவார். அதனால் எல்லாம் எனக்கும் கேட்டது. அதிகாரி ஒரு பெண். அலுப்பும் நிதானமும் கலந்த குரல். சத்தியம் வாங்கிக்கொண்டு, கெமெச்சு எங்கே வேலை பார்த்தான் என்று லோர்னாவைக் கேட்டார். காலையும் மாலையும் நெப்ராஸ்கா ஷெட்டில் அட்டை குத்தினான், காலையில் ஷெட்டைப் பெருக்கினான் என்றார் லோர்னா. அட்டைகளை ஏற்கெனவே அனுப்பியிருந்தார்.

“நடுவுல?”

“வேன்ல ஏறிப் போவாங்க, மேடம். எங்க என்ன செய்யறாங்கன்னு நான் பாத்ததில்லை.”

கெமெச்சு, முற்றத்தில் கூட நின்று ஆணி பிடுங்கிய இரண்டு பேரின் எண்களைச் சாட்சிக்குக் கொடுத்திருந்தான். அதிகாரி அழைத்தார். ஒன்று அடித்து அடித்து ஓய்ந்தது. இன்னொன்று எடுக்கப்பட்டு உடனே வைக்கப்பட்டது. அவர்களுக்கு இன்னும் கம்பெனியில் வேலை இருந்தது. கம்பெனி சாட்சியை நீங்களே கேள்வி கேட்கலாம் என்று அதிகாரி கெமெச்சுவிடம் சொன்னார்.

அவன் பின்னால் ஒரு குழந்தை எதற்கோ அடம் பிடித்துக்கொண்டிருந்தது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அவன் பேசினான்.

“மிஸ் லோர்னா, என் கைல நீங்க எவ்வளவு சிராய் எடுத்திருப்பீங்க?”

“நெறைய, கண்ணு.”

“அந்த மரம் எங்கேருந்து வந்துச்சு?”

லோர்னா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பையிலிருந்து இருமல் மிட்டாயை எடுத்து, உரிக்காமல் வைத்துக்கொண்டார்.

“உன் கைலேருந்து” என்றார்.

அதிகாரி குறுக்கிட்டார். அந்தக் குரலில் முதல்முறையாக அலுப்பு இல்லை. “மேடம், அந்த ஷெட்டுல மரம் இருக்குதா?”

நான் வாசல்படியில் கையில் இரும்புக் கம்பியோடு நின்றேன். ஒரே ஒரு ‘இல்லை’ போதும். ஆற்றின் மேல் கம்பெனி கட்டியிருந்த அத்தனையும் விழுந்துவிடும். நான்கு பிள்ளைகளும் மறுபடி எண்ணிக்கையில் வருவார்கள். லோர்னா ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். தகரம், சிமெண்டுத் தரை, இரும்பு மேசை. பார்வை மூலையில் போய் நின்றது.

“இருக்குது, மேடம். தொடப்பத்துக்குப் பிடி மரந்தான்.”

தட்டச்சுச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. வேறு கேள்வி உண்டா என்று அதிகாரி கேட்டார். கெமெச்சு இல்லை என்றான். அந்த ‘இல்லை’யை அவன் லோர்னாவைவிடச் சுலபமாகச் சொன்னான்.

தொலைபேசியை வைத்துவிட்டு லோர்னா என் பக்கம் திரும்பினார். “நான் ஒரு பொய்கூடச் சொல்லலையே, ரஸ்.”

சொல்லவில்லை என்றேன்.

முடிவு தபாலில் வந்தது. ஒரு பக்கம் அட்டைகளும் சத்தியம் செய்த சாட்சியும், மறுபக்கம் ஒருவனுடைய சொல். நெப்ராஸ்காதான் என்று தீர்ந்தது. கெமெச்சு அக்கரைத் தொகையை வாங்கிக்கொண்டு அடுத்த மாதத்தோடு வீட்டைக் காலி செய்தான். மின்னசோட்டாவில் மச்சான் வீட்டின் கீழ்த்தளத்தில் ஆறு பேரும் இருப்பதாகத் தொமாஸ் சொன்னான். பிறகு ஒருநாள் முதலாளி வந்து லோர்னாவிடம் டேலைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் வேன் வழக்கம்போல் வந்தது. ஆட்கள் அட்டை குத்தினார்கள். கடைசியாக வந்தவன் புதியவன், வேலை மறுபடி கூடியபோது கெமெச்சுவுக்குப் பதிலாக எடுத்த ஆள். விளக்கடியில் வந்து நின்று, மற்றவர்கள் சொல்லிக் கொடுத்தபடி உள்ளங்கையை விரித்து நீட்டினான். கட்டைவிரலின் அடியில் சிராய் கறுப்பாக ஏறியிருந்தது. சுற்றிலும் சிவந்திருந்தது.

லோர்னா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் கம்பளிச் சட்டையின் பைகளுக்குள் விட்டுக்கொண்டார்.