மணலுக்குள் போன உப்பு

ஓடையில் ஓடுவது மேலே தெரியும் தண்ணீர் மட்டும்தான், அடி மணலில் ஊறிக்கிடப்பது சும்மா தூங்குகிறது என்றுதான் நான் முதலில் நம்பினேன். தண்ணீரை ஆராயத்தான் எனக்குச் சம்பளம். வெளியே சொல்லிக்கொள்ளக்கூடிய நம்பிக்கை இல்லை.

வேலை சுலபம். உப்பைக் கரைத்து ஓடையில் ஊற்ற வேண்டும். மணலில் செருகிய குழாய்களில் உப்பளக்கும் மீட்டரை விட்டு, உப்பு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். மரக்காணத்தில் உப்புக்கா பஞ்சம்? மூட்டையை உப்பளத்தில் வாங்கினேன். கரைப்பதற்குப் பக்கெட்டும் அங்கேயே இரவல். விளிம்பெல்லாம் உப்புப் பூத்திருந்தது. இந்தப் பக்கம் எதில்தான் பூக்கவில்லை, என் பைக் சைலன்சரில்கூடப் பூத்திருந்தது.

ஊற்றினேன். கொஞ்ச தூரம் தள்ளிப் பார்த்தால் ஓடையில் உப்பைக் காணோம். தூங்குகிற மணல் என் உப்பை விழுங்கிவிட்டது. பக்கத்திலேயே ஒரு விவசாயியின் கிணறு. அதை நம்பி அவர் மிளகாய் நாற்று விட்டிருந்தார். ஓடிப்போய்க் கிணற்றில் பக்கெட்டை விட்டு இழுத்து மீட்டரை வைத்தேன். எகிறியது. ஒரு வாய் குடித்தேன், கரித்தது. நாற்றுக்குத் தண்ணீர் விடவே கூடாது என்று அவரைத் தடுத்துவிட்டு, ஒரு குடும்பத்தையே கெடுத்தவன் முகத்தோடு வரப்பில் உட்கார்ந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்பதற்கு மனசுக்குள் ஒத்திகை வேறு.

மறுநாள் மதியம் நாற்றெல்லாம் தலை தொங்கிக் கிடந்தது.

"சார், தண்ணி உடட்டுமா வேணாமா, ஒண்ணு சொல்லுங்க," என்றார் அவர்.

இன்னொரு முறை சோதிக்கலாம் என்று நான் பக்கெட்டைத் தூக்கினேன். அவர் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நேத்து உப்பு கரைச்சது இதுலதான? கழுவுனீங்களா?"

விவசாயி கிணற்று மோட்டாரைப் போட்டார். குழாயில் கை ஏந்திக் குடித்தேன். நல்ல தண்ணீர். மீட்டரும் அதையே சொன்னது.

"எங்க கெணறு நல்லாத்தான் இருக்குது. ஒங்க பக்கெட்டுக்குத்தான் வைத்தியம் பாக்கணும்," என்றார் அந்த அம்மா. வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

உப்பு மணலுக்கடியிலேயே மெல்ல நகர்ந்து, ஓடையின் வளைவைத் தாண்டி, அன்று சாயங்காலம் மறுபடி ஓடைக்குள்ளேயே மேலே வந்து கழுவேலி ஏரிப் பக்கம் போனது. கிணற்றுப் பக்கம் அது வரவே இல்லை. ஓரத்து நாற்றுகள் சில, தண்ணீர் இல்லாமல் செத்துப்போயின.